பூத்தூள் தின்ற பேன்கள்

“இது நம்ம பேன் இல்ல” என்றாள் பாண்டிசெல்வி. லென்ஸைக் கண்ணிலிருந்து அவள் இன்னும் எடுக்கவில்லை.

பக்கத்தில் நின்ற பிரிஸ்கில்லா தட்டை வெளிச்சத்துக்கு நகர்த்தினாள். “நல்லாப் பாருங்கக்கா. அதே தட்டு, அதே பஞ்சு. வேற பேன் எதையும் நான் உள்ள விடல.”

“நல்லாத்தான் பாக்கேன். நம்மது செவப்பா, ஒடிசலா, தண்ணிச் சொட்டு மாதிரி ஒரு பக்கம் கூம்பி இருக்கும். இது வெள்ளை வெளேர்னு ரவை கணக்கா உப்பிப் போய்க் கெடக்கு. முதுகு எம்புட்டு அகலம், பாரு.”

பேன் என்றதும் நீங்கள் தலையைச் சொறிய வேண்டாம். இது அந்தப் பேன் இல்லை. செடியில் செம்பேன் என்று ஒன்று உண்டு. இலைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். முதலில் இலையில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும், பிறகு மஞ்சளாகும், கடைசியில் சுருண்டு உதிரும். வெறும் கண்ணுக்குச் செம்பேன் ஒரு செம்மண் துகள்தான். அந்தத் துகளைப் பிடித்துத் தின்கிற இன்னொரு துகள் இருக்கிறது. அதுவும் பேன் சாதிதான், ஆனால் செடியைத் தொடாது. செம்பேனைத் துரத்திப் பிடித்து, உறிஞ்சி, தோலை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததைத் தேடி ஓடும். பாண்டிசெல்வியும் பிரிஸ்கில்லாவும் அதற்கு வைத்திருக்கிற பெயர் காவல் பேன்.

செட்டியார்பட்டியில் பாண்டிசெல்வி வீட்டுக்குப் பின்னால் பச்சை வலை கட்டிய கொட்டகையில் இரண்டு பேருமாகக் காவல் பேன் வளர்க்கிறார்கள். அதற்கு முதலில் அதன் தீனியை வளர்க்க வேண்டும். தொட்டியில் அவரைச் செடி போட்டு, ஊரெல்லாம் எதை மருந்தடித்துக் கொல்கிறதோ அந்தச் செம்பேனை அதில் வேண்டுமென்றே ஏற்றிவிடுவார்கள். செம்பேன் பெருகியதும் இலையைப் பறித்துக் காவல் பேன் இருக்கிற தட்டில் பரப்புவார்கள். தட்டில் தண்ணீர், தண்ணீரில் ஊறிய பஞ்சு, பஞ்சின் மேல் இலை. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் உள்ளே இருப்பது வெளியே போக முடியாது. வெளியே இருப்பதும் உள்ளே வரக் கூடாது.

ஆனால் வந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தட்டில் எங்கிருந்தோ ஒரு வேற்றுப் பேன் நுழைந்துவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அது தட்டுக்குத் தட்டு பரவி, தீனியைத் தின்று தீர்த்து, காவல் பேனைப் பட்டினியில் சாகடித்தது. மறுபடி விதைப் பேன் வாங்கி, நிலைப்படுத்தி எடுப்பதற்குள் ஒரு கோடையே போய்விட்டது. தோட்டக்காரர்கள் வந்து வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். அன்றிலிருந்து பாண்டிசெல்வி ஒரு சட்டம் வைத்திருந்தாள். வேற்றுப் பேன் கண்ணில் பட்டால் அந்தத் தட்டுக்கு அன்றைக்கே கொதிக்கிற தண்ணீர். யோசனை கிடையாது.

இப்போது எல்லாத் தட்டிலும் வெள்ளைதான் இருந்தது.

நடந்தது இதுதான். கோவில்பட்டியில் பாண்டிசெல்வியின் அக்கா காளீஸ்வரிக்கு ஆபரேஷன். கூடமாட இருந்து சமைத்துப் போட இவள் ஒரு மாசம் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்துச் செட்டியார்பட்டியில் காற்றோடு ஒரு கோடை மழை. வலை கிழிந்தது. அவரைத் தொட்டியில் இருந்த செம்பேனை மழை கழுவிக்கொண்டு போயிற்று, செடியும் அழுகிற்று. தீனி இல்லாமல் காவல் பேன்கள் ஒன்றை ஒன்று பிடித்துத் தின்ன ஆரம்பித்தன. பிரிஸ்கில்லா தட்டுகளைப் பார்த்துப் பார்த்து அழுதாள். பிறகு, பயிற்சிக்குப் போனபோது யாரோ சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. சில காவல் பேன் பூவின் மகரந்தத்தைத் தின்றும் உயிர் பிழைக்கும் என்று சொன்னார்கள். வேலியில் ஆமணக்கு பூத்துக் கிடந்தது. பூவை உதிர்த்துக் காகிதத்தில் காயவைத்து, விழுந்த மஞ்சள் தூளைத் தட்டில் தூவினாள். தின்றன. பிழைத்தன. முட்டையும் வைத்தன. பொரித்து வந்தவை வெள்ளையாக, கொழுகொழுவென்று இருந்தன. பரவாயில்லையே என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

ஆஸ்பத்திரியில் அக்காவோடு இருப்பவளிடம் போனில் இதையெல்லாம் சொல்லிக் கலங்கடிக்க வேண்டாம் என்று இருந்துவிட்டாள். இன்று காலையில் பாண்டிசெல்வி பஸ்ஸைவிட்டு இறங்கி வந்ததும் முதல் பேச்சாக மழையிலிருந்து பூத்தூள் வரைக்கும் ஒப்பித்தாள்.

“பூத்தூள்லதான் வந்திருக்கு” என்றாள் பாண்டிசெல்வி. “ஆமணக்குப் பூவுல எத்தனை சாதிப் பேன் கெடக்கும், தெரியுமா ஒனக்கு? அதுல ஒண்ணு தூளோட தட்டுக்குள்ள எறங்கிருச்சு. நம்மது பசியில செத்துப் போச்சு. இது குடியேறிருச்சு.”

“நான் சல்லடையில சலிச்சுத்தானக்கா போட்டேன்.”

“சல்லடைக் கண்ணு வழியா நூறு பேன் கைகோத்துக்கிட்டுப் போகும்ட்டி.”

பிரிஸ்கில்லா சல்லடையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பாண்டிசெல்வி பெரிய அண்டாவை இழுத்து அடுப்பில் வைத்தாள். தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “ஒன் கையில குடுத்துட்டுப் போனேன் பாரு, என்னையச் சொல்லணும்.”

அந்தச் சொல் பிரிஸ்கில்லாவுக்கு எங்கே போய்த் தைத்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பெரிய வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் பிரிஸ்கில்லா கோவிலுக்குப் போனால் தட்டுகளைப் பாண்டிசெல்வி பார்ப்பாள். ஆடிப்பூரத்துக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் பாண்டிசெல்வி போனால் இவள் பார்ப்பாள். ஒரு நாளும் ஒருத்தி மற்றவளை ஏன், எதற்கு என்று கேட்டதில்லை.

“அக்கா” என்றாள் பிரிஸ்கில்லா. “இன்னொண்ணும் இருக்கு.”

“இன்னுமா?”

“வைகுண்டராஜ் அண்ணாச்சி வந்து கேட்டாவ. இலையெல்லாம் பொட்டு விழுதுன்னு பதறிக்கிட்டு வந்தாவ. இந்த வெள்ளையத்தான் ஒரு டப்பா குடுத்துவிட்டேன்.”

பாண்டிசெல்வி கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தாள்.

வைகுண்டராஜுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்கு அப்பால் ஒரு சின்னத் தோட்டம். அதில் ஒரு பாத்தி நிறைய மரவள்ளி. கிழங்குக்காக இல்லை, இலைக்காக. ஆண்டாள் கையில் தினமும் புதிதாக ஒரு கிளி வைக்கிறார்களே, அந்தக் கிளிக்கு இறகு மரவள்ளி இலைதான். கிளி கட்டுகிறவர்கள் கேட்கும்போது இலை கொடுக்கிற தோட்டங்களில் அதுவும் ஒன்று என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. இலையில் பொட்டு இருந்தால் கொடுக்க மாட்டார். அதற்காக மருந்தும் அடிக்க மாட்டார். பூஜை முடிந்து அந்தக் கிளியை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், பிள்ளைகள் கையில் கொடுப்பார்கள், அதில் எப்படி மருந்து அடிப்பது என்பார். அதனால்தான் காவல் பேனைத் தேடி அவர் செட்டியார்பட்டி வரைக்கும் வந்தார்.

“அந்த மனுசன் பாத்தியில என்னத்தக் கொண்டுபோய் விட்டோமோ” என்றாள் பாண்டிசெல்வி. “அது இலையத் தின்குற சாதியா இருந்தா? வா, மொதல்ல போய்ச் சொல்லுவோம். செடியப் பிடுங்கி எரிக்கச் சொல்லணும்.”

“அப்போ தட்டு?”

“வந்து ஊத்துறேன். ஊத்துறது ஊத்துறதுதான்.”

அடுப்பை அணைத்தாள். வெள்ளைப் பேன்கள் ஓடுகிற ஒரு இலைத்துண்டைச் சின்னப் புட்டியில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். பிரிஸ்கில்லா ஸ்கூட்டியை எடுத்தாள். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் லாரிகளுக்கு நடுவே நுழைந்து போனார்கள். வழக்கமாக அந்த இடத்தில் பாண்டிசெல்வி, பார்த்துப் போ, பார்த்துப் போ என்று தோளைப் பிடித்து உலுக்குவாள். அன்று கையைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள். பிரிஸ்கில்லாவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

வைகுண்டராஜ் தோட்டத்தில் ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் கம்பைக் கீழே போட்டார்.

“வாங்க தாயி. கோவில்பட்டியில இருந்து எப்போ வந்த? அக்கா எப்பிடி இருக்கா?”

“நல்லா இருக்கா அண்ணாச்சி. பேன் விட்டியளே, அந்தச் செடி எங்க இருக்கு?”

“பாத்தி முழுக்க விட்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காத. ஒங்க வெள்ளைப் பேன் ஒண்ணையும் இப்போ காணோம். பேரன் பூதக்கண்ணாடிய வச்சுத் தேடித் தேடிப் பாத்தேன்.”

செத்துப் போயிற்றா, அல்லது இலைக்குள்ளேயே புகுந்துவிட்டதா என்று பிரிஸ்கில்லாவின் மனசு எங்கெங்கோ ஓடியது. பாண்டிசெல்வி மரவள்ளிப் பாத்திக்குள் இறங்கி, ஒரு இலையைப் புரட்டி லென்ஸை வைத்தாள். பழைய இலைகளில் வெள்ளைப் பொட்டு இருந்தது. நுனியில் விட்டிருந்த புது இலைகள் எண்ணெய் தேய்த்த மாதிரி பச்சையாக மின்னின. ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். அடுத்த இலைக்குப் போனாள். அதற்கடுத்த இலைக்கும் போனாள்.

“ஏட்டி, இங்க வா.”

பிரிஸ்கில்லா குனிந்து பார்த்தாள். இலை நரம்பு ஓரமாகச் சிவப்பாக, ஒடிசலாக, ஒரு பக்கம் கூம்பி, ஓட்டமாக ஓடியது ஒரு பேன். அதன் வழியில் செம்பேனின் வெறும் தோல்கள் கிடந்தன.

“இது நம்ம பேனு” என்றாள் பாண்டிசெல்வி. “பழசுல கொஞ்சம் மிச்சம் வச்சிருந்து அண்ணாச்சிக்குக் குடுத்தியா?”

“இல்லக்கா. பழசே இல்லையே. எல்லாம் வெள்ளைதான்.”

“வெள்ளையாத்தான் இருந்துச்சு” என்றார் வைகுண்டராஜ். “என்ன தாயி, உப்புமாவுக்குப் போடுற ரவையக் குடுத்து ஏமாத்துறியான்னு நான் கூட கேட்டேன்.”

“வேற யார்ட்டயாவது வாங்கி விட்டியளா?”

“நான் எதுக்கு வேற எடத்துல வாங்குதேன்?”

பாண்டிசெல்வி மறுபடி இலை இலையாகப் புரட்டினாள். இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. பாத்தியின் கடைசியில் ஒரு கிளையில் அது கிடைத்தது. அகலமான முதுகு, உப்பிய வெள்ளை உடம்பு. தட்டில் இருக்கிறதே, அச்சு அசல் அது. ஆனால் கண்ணாடி மாதிரித் தெரிந்த வயிற்றுக்குள்ளே மட்டும் சிவப்பு படர்ந்திருந்தது. செம்பேனைத் தின்ற சிவப்பு.

“அப்போ வெள்ளைதான் செவந்திருக்கு” என்றாள் பிரிஸ்கில்லா. “தின்னது மாறினதும் நெறம் மாறிருச்சு.”

“இரு. அவசரப்படாத.” பாண்டிசெல்வி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “செவப்பத் தின்னா எந்தப் பேன் வயிறும் செவக்கத்தான் செய்யும். வேத்துப் பேனும் செவக்கும். நெறத்த வச்சுச் சொல்ல முடியாது. உடம்பு வேற மாதிரி இருக்கே. முதுகு அகலம் எப்பிடி வந்துச்சு?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி.

வைகுண்டராஜ் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். “எந் தம்பி மக சிவரஞ்சனி காலேஜ்ல பூச்சிப் பாடந்தான எடுக்கா. பெரிய மைக்ராஸ்கோப்பு வச்சிருக்கா. அவட்ட காட்டுனா என்ன?”

“அதுக்குள்ள இதைப் பிடுங்கணுமா வேண்டாமா அண்ணாச்சி?”

“பிடுங்கணுமா?” அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “எதைத் தாயி?”

பாண்டிசெல்வி சொன்னாள். வேற்றுப் பேனாக இருந்தால் பாத்தியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும், வேறு வழி இல்லை என்று சொன்னாள். வைகுண்டராஜ் மரவள்ளிப் பாத்தியை ஒரு தடவை பார்த்தார். “போய்க் கேட்டுட்டு எனக்குப் போன் போடுங்க. அது வரைக்கும் நான் இங்கனயே உக்காந்திருக்கேன்” என்றார்.

சிவரஞ்சனி மதிய வகுப்பை முடித்துவிட்டு ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். சின்ன வயது, பெரிய கண்ணாடி. பெரியப்பா ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார். புட்டியில் இருந்த வெள்ளையையும், தோட்டத்து இலையில் இருந்த சிவப்பையும் மயிர் நுனித் தூரிகையால் எடுத்தாள். ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு மருந்துக்குள் வைத்து மூடி, கொஞ்சம் சூடு காட்டினாள்.

“செத்த நேரம் ஆகும். உக்காருங்க.”

இரண்டு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். பிரிஸ்கில்லா உதடு அசையாமல் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். பாண்டிசெல்வி சுவரில் மாட்டியிருந்த வண்ணத்துப்பூச்சிப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதில் என்ன இருந்தது என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

சிவரஞ்சனி முதலில் சிவப்பைப் பார்த்தாள். பிறகு வெள்ளையை. பிறகு மறுபடி சிவப்பை. வாய்க்குள் என்னவோ எண்ணினாள்.

“பாண்டிசெல்விக்கா, இதுக்கு முதுகுல முடி இருக்கும். ஒவ்வொரு இனத்துக்கும் எந்தெந்த இடத்துல முடி, எத்தனை முடின்னு கணக்கு உண்டு. அதை வச்சுத்தான் இனம் பிரிப்போம்.”

“சரிம்மா.”

“ரெண்டுக்கும் அதே எடத்துலதான் இருக்கு. ஒண்ணு கூடக் கொறையக் கெடையாது. நீளம் மட்டும் வித்தியாசப்படுது. வெள்ளைக்குக் கொஞ்சம் நீளம். முதுகு ஓடும் அதுக்குக் கொஞ்சம் பெருசு.”

“அப்போ வேறயா?” என்றாள் பிரிஸ்கில்லா.

“இருங்க, முடிக்கல. நீளத்தை நம்பி மட்டும் சொல்ல மாட்டோம். குஞ்சா இருக்கறப்ப என்ன தின்னு வளந்துச்சோ, அதுக்கு ஏத்த மாதிரி உடம்பு அளவு மாறும், முடி நீளமும் மாறும். நெறம் சொல்லவே வேண்டாம், அது வயித்துல இருக்கிறது வெளிய தெரியுறது. இதைப் பாத்துட்டு வேற இனம்னு நெனைக்கிறவங்க உங்களை மாதிரி நெறையப் பேர். அதனால கடைசியா ஒண்ணு பாக்கணும். பொட்டைப் பேனோட வயித்துக்குள்ள சின்னதா ஒரு பை இருக்கும். அதோட வடிவம் தீனிக்கெல்லாம் மாறாது.”

அவள் மறுபடி குனிந்தாள்.

“ரெண்டுலயும் ஒண்ணுதான்” என்றாள். “அதே கிண்ணம் மாதிரி. ஒரே பேன்தான் அக்கா. உங்க பேனேதான். வெள்ளை போட்ட முட்டை தோட்டத்துல பொரிச்சு, செம்பேனைத் தின்னு வளந்ததால செவப்பா, ஒடிசலா இருக்கு.”

பிரிஸ்கில்லா ஸ்டூலில் இருந்து எழுந்தாள். எழுந்தவளுக்கு எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சிவரஞ்சனிக்குப் புரியவில்லை. கேட்டால் பிரிஸ்கில்லாவுக்கே தெரிந்திருக்காது.

பாண்டிசெல்வி மைக்ராஸ்கோப்பில் தானும் ஒரு தடவை பார்த்தாள். முடியும் தெரியவில்லை, பையும் தெரியவில்லை, வெளிச்சம்தான் தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டாள்.

“பூத்தூள் தின்னா எல்லாப் பேனும் இப்பிடிப் பிழைச்சிருமா?” என்று கேட்டாள்.

“பிழைக்காது. செம்பேனைத் தவிர எதையும் தொடாத இனமும் இருக்கு. அதுன்னா பூத்தூளப் பக்கத்துல வச்சுக்கிட்டே பட்டினியில செத்துப் போயிருக்கும். உங்களது ரெண்டையும் தின்குற இனம். அன்னைக்குப் பூத்தூள் போடலன்னா இப்போ உங்களுக்குச் செவப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல.” சிவரஞ்சனி கண்ணாடிச் சில்லுகளை எடுத்து வைத்தாள். “யாரு போட்டது?”

“இவதான்” என்றாள் பாண்டிசெல்வி. “நான் ஊர்ல இல்ல. ஒத்தையில நின்னு அம்புட்டையும் காப்பாத்தி வச்சிருக்கா. நான் வந்து எறங்கினதும் அண்டாவ அடுப்புல ஏத்தினேன்.”

முந்தானைக்குள் இருந்து பிரிஸ்கில்லாவின் குரல் வந்தது. “சும்மா இருங்கக்கா.”

“நான் ஏன் சும்மா இருக்கணும். சொல்லக் கூடாதத ஒன்ட்ட சொன்னப்ப சும்மாவா இருந்தேன்?”

இந்த மாதிரி நேரத்தில் பெண்கள் இரண்டு பேர் எவ்வளவு பேசுவார்களோ அவ்வளவு பேசியாயிற்று. வெளியே வந்து வேப்பமரத்து நிழலில் ஸ்கூட்டியை எடுக்கும்போது பிரிஸ்கில்லா வைகுண்டராஜுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துப் பாண்டிசெல்வியிடம் நீட்டினாள்.

“அண்ணாச்சி, நம்ம பேனேதான். ஒண்ணும் பிடுங்க வேண்டாம்.”

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. “நெசமாவா தாயி?”

“ஒங்க தம்பி மக பேன் வயித்துக்குள்ளயே பாத்துச் சொல்லிட்டா. தின்ன தீனியில உடம்பு பெருத்துப் போச்சாம். ஆளு அதே ஆளுதானாம்.”

“அதை நான் அப்பவே சொல்லியிருப்பேன். நீ அக்கா வீட்டுக்குப் போகையில இருந்ததுக்கும் இப்போ வந்து நிக்கதுக்கும் முகம் ரெண்டு சுத்து பெருத்துருக்கு. கோவில்பட்டியில கடலை முட்டாய்தான் மூணு வேளையுமா? வேற யாரோன்னு ஒன்னையப் பிடுங்கி எரிச்சா சரியாருக்குமா?”

பிரிஸ்கில்லா ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். இந்தத் தடவை சந்தேகமில்லாமல் சிரிப்புதான்.

“அண்ணாச்சி, அடி வாங்கப் போறிய” என்றாள் பாண்டிசெல்வி. அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சரி, சரி. அப்போ நாளைக்குக் காலையில இலை பறிக்கலாமா?”

“புது இலையாப் பாத்துப் பறிங்க. பொட்டு இல்லாம இருக்கு.”

“பறிக்கேன் தாயி. நல்லா இருங்க ரெண்டு பேரும்.” போனை வைத்துவிடுவார் என்று பார்த்தால் வைக்கவில்லை. “ஆமா, செம்பேனுக்கு ஒண்ணு வளக்கிய. இந்த ஆட்டுக்கு ஏதாச்சும் வச்சிருக்கியளா? இந்தா, பேசிக்கிட்டிருக்கையிலயே பாத்திக்குள்ள வந்துருச்சு. ஏய், போ, போ…”

கம்பு ஓங்குகிற சத்தமும், ஆடு கத்துகிற சத்தமும், அவர் ஓடுகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன. பாண்டிசெல்வி போனை அணைத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பிரிஸ்கில்லாவின் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள்.

“சிரிச்சுக்கிட்டே ஓட்டாத. பாத்துப் போ.”